எம்.எம்.வி. பிராக்டிக்கல்: பிளக் கேப்பும் பிளக் வயரும்

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ்! தியரிக்கு 33 சதவீதம் எடுத்தால் போதும், பிராக்டிக்கலுக்கு 60 வேண்டும். அந்த அறுபதுதான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஐ.டி.ஐ.யில் இப்போது மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிக்கும் தம்பிகள் "அண்ணே, என்ன வந்துச்சு, எப்படிப் பண்ணீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பிரேக், கியர்பாக்ஸ் பற்றியெல்லாம் உங்கள் சார் நன்றாகவே சொல்லித் தருவார். எனக்கு விழுந்தது இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பகுதி.

பழைய பெட்ரோல் அம்பாசடர் இன்ஜின். 1489 சிசி, நாலு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. பாயிண்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் பிரித்து அனுப்பும் பாகம். ஐடிலில் மிஸ்ஸிங், அதாவது வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது இடையிடையே வெடிக்காமல் போகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்து, கேப் செட் பண்ணி, வயரைச் சோதித்து, எதை மாற்ற வேண்டும், ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேப் என்பது பிளக்கின் நடு எலெக்ட்ரோடுக்கும் சைடு எலெக்ட்ரோடுக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளி. அது 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. இந்த எண் எல்லா கைடிலும் இருக்கிறது. ஓடித் தேய்ந்த பிளக்கில் அதை எப்படி அளப்பது என்று மட்டும் நான் பார்த்த எந்த கைடிலும் இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான். புது பிளக் என்றால் தட்டை ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) சரியாக அளக்கும். ஓடிய பிளக்கில் சைடு எலெக்ட்ரோடின் அடிப்பக்கம் அரித்துக் குழி விழுந்திருக்கும். நடுவில் குழிந்த அம்மிக்கல் மேல் ஸ்கேலை வைத்தால் அது ஓரத்தில்தானே உட்காரும்? தட்டைத் தகடும் அப்படித்தான் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, கேப்பைக் குறைவாகக் காட்டும். பொறி தாண்ட வேண்டிய இடம் உண்மையில் அதைவிட அகலம்.

அதனால் கம்பி கேஜ், தகட்டுக்குப் பதில் அளவான உருண்டைக் கம்பி. மூன்றாம் சிலிண்டர் பிளக்கில் 0.65 மி.மீ. தகடு பிடித்து நின்றது. அதே இடத்தில் 0.75 கம்பியை விட்டேன், தடையே இல்லாமல் உள்ளே போய் வந்தது. இரண்டு அளவையும் பேப்பரில் எழுதினேன். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சார் அதைப் பார்த்துவிட்டு "ஏம்ப்பா ரெண்டு கேஜ்?" என்றார். குழியைக் காட்டிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் லேசானவை. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கம்பி கேஜ், கம்பி கேஜ், கம்பி கேஜ்.

கேப் வேலையில் மற்றவை:

- வளைப்பது சைடு எலெக்ட்ரோடை மட்டும். நடு எலெக்ட்ரோடில் நெம்புகோல் கொடுத்தால் பீங்கான் விரிசல் விடும்.
- கேப் குறைந்தால் பொறி சின்னது, ஐடிலில் மிஸ்ஸிங். அதிகமானால் இக்னிஷன் காயில் (வோல்டேஜை ஏற்றும் சுருள்) அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டும், லோடு ஏறும்போது மிஸ்ஸிங்.
- பாயிண்ட் கேப் 0.015 அங்குலம். இதையும் பிளக் கேப்பையும் மாற்றி எழுதினால் மார்க் போகும்.
- பிளக்கை முதலில் கையால் திருகுங்கள். ஸ்பேனர் பிறகு.
- கழற்றிய பிளக்குகளை 1, 2, 3, 4 என்று துணியில் வரிசையாக வையுங்கள். நிறம் கேட்பார்கள்: இளம்பழுப்பு நல்லது, உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு கைடு, வெள்ளை என்றால் சூடு அதிகம்.

வைவாவில் (வாய்மொழிக் கேள்வியில்) ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதைக் கேட்டார். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி வகை. பாஷில் எண் ஏற ஏற சூடு வகை. நேர் எதிர். என்ஜிகே எண்ணில் வரும் 'ஆர்' எழுத்து ரெசிஸ்டரைக் குறிக்கும்.

வயருக்கு வருகிறேன். பிடுங்கும்போது வயர் முனையில் இருக்கும் ரப்பர் உறையைப் (பூட்) பிடித்துத் திருகி எடுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்து, வெளியே ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரில் செம்பு வயர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். கார்பன் வயர் சில ஆயிரம் ஓம் காட்டும், நீளம் கூடினால் ஓமும் கூடும். அளக்கும்போது வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. எனக்கு வந்த மூன்றாம் வயர் நேராக இருக்கும்போது நல்ல பிள்ளை, வளைத்தால் ஓப்பன், இணைப்பே இல்லை.

எந்த வயர் போடுவது? பழைய லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வயரை உள்ளே விட்டுக் கூர்மையான ஸ்க்ரூவால் குத்திப் பிடிக்க வேண்டும். செம்பில் அது நன்றாகப் பிடிக்கும். கார்பன் வயரின் நடுவில் இருப்பது கரி ஏற்றிய நார், ஸ்க்ரூ குத்தினால் நார் விலகிப்போகும். அதனால் அந்த மூடிக்குச் செம்பு வயர்தான் என்று எழுதினேன், ரேடியோ இரைச்சலுக்கு பிளக் முனையில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள மூடியோடு. மேலே செருகுகிற மூடி என்றால் கார்பன் வயர் போடலாம். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் வைத்த வண்டி என்றால் ரெசிஸ்டர் இல்லாத வெறும் செம்பு கூடாது, இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

மாட்டும்போது ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் கை) சுற்றும் திசையைப் பார்த்து மாட்டுங்கள். இந்த இன்ஜினில் இடஞ்சுழி. 3, 4 வயர்களை ஒன்றோடொன்று ஒட்டி இணையாக ஓடவிடக் கூடாது. 1, 2-ம் அப்படியே. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், ஒன்றுக்கு அடுத்து ஒன்று வெடிப்பவை. மூன்றில் பாயும் மின்சாரம் நான்கில் தூண்டப்பட்டால், அங்கே கம்ப்ரஷன் முடியும் முன்பே பொறி விழும். இதை வைவாவில் கேட்காமலே சொன்னேன்.

நான் நிதானமாக வேலை செய்கிற ஆள், நேரத்தில் பாதி அளப்பதற்கே போனது. கை வேகமுள்ளவர்கள் சீக்கிரம் முடிப்பார்கள், ஆனால் அளவை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். செட் பண்ணும் முன் ஒரு அளவு, செட் பண்ணிய பின் ஒரு அளவு, இரண்டும் பேப்பரில் வர வேண்டும். கம்பி கேஜ் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இல்லையென்றால் உங்கள் காசிலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.