கிளாஸ் ஏ தேர்வும் வியாசர்பாடி டிங்கரிங் பட்டறையும்

கார் வாங்குபவர் கண்ணில் படும் பரப்புகளைத்தான் எங்கள் தொழிலில் கிளாஸ் ஏ சர்ஃபேஸ் என்கிறோம். பானெட், கதவு, ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வரும் பக்கத் தகடு) எல்லாம் இதில் வரும். நான் ஆறு வருடமாக உள்ளே மறைந்து கிடக்கும் பிராக்கெட்டுகளை வரைந்துகொண்டிருந்தவன். வெளிப்பரப்புப் பிரிவுக்கு மாற ஆசைப்பட்டு, அலுவலகத்தில் வைத்த உள்தேர்வை எழுதினேன். முதல் முறை தேறவில்லை. ஏழு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். அந்த ஏழு வாரத்தில் கற்றுக்கொண்டதை இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

தேர்வு இதுதான்: களிமண் மாடலை ஸ்கேன் செய்த தரவு கையில் தருவார்கள். அதன் மேல் இடது முன் ஃபெண்டரை ஏலியஸ் மென்பொருளில் கட்ட வேண்டும். ஐந்து நாள் அவகாசம்.

முதல் முறை நான் ஸ்கேனை விடாமல் பிடித்துக்கொண்டேன். எங்கே பரப்பு ஒட்டவில்லையோ அங்கே ஒரு வரிசை சி.வி. (பரப்பின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்) சேர்த்தேன். கடைசியில் எந்த இடத்திலும் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இல்லை. பார்க்க வந்த சீனியர் அந்த எண்ணைக் கவனிக்கவே இல்லை. பரப்பின் மேல் வரிக்குதிரைக் கோடுகளைப் பிரதிபலிக்க வைத்துச் சோதிக்கும் ஸீப்ராவைப் போட்டார். சக்கரத்துக்கு விடும் வளைந்த திறப்பான வீல் ஆர்ச்சுக்கு மேலே கறுப்பு வெள்ளைக் கோடுகள் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தன. "களிமண்ணைத் தேய்ச்சவரோட கை நடுக்கத்தையும் சேர்த்து வரைஞ்சிருக்கீங்க" என்றார். அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. எப்படித் திருத்துவது என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பட்டறைக்குப் போனேன். வியாசர்பாடியில் முப்பது வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறார். அன்று ஒரு காரின் பின்கதவு ஸ்டாண்டில் நின்றது. பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்திருந்தார்கள். பிரைமர் மங்கலாக இருப்பதால் பளபளப்பு தெரியாது. மாமா ஈரத்துணியால் கதவை ஒரு இழுப்பு இழுத்தார். ஈரம் காயும் வரை அது கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்தில் ஒரு டியூப்லைட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு, முழங்காலை மடக்கி மெல்ல நகர்ந்தார். கதவுக்குள் வெளிச்சக் கோடும் அவரோடு நகர்ந்தது.

"இங்க பாருடா, லைட்டு இடுப்ப ஒடிக்குதா?"

நான் ஒடிந்த இடத்தைத் தொட்டேன்.

"அங்க இல்ல. நாலு விரல் தள்ளி மேடு இருக்கு. விரல் நுனியால தொடாத, உள்ளங்கைய வெச்சு நீளமா இழு."

இழுத்தேன். மேடு கையில் தட்டியது.

பிறகு அவர் தேய்க்க எடுத்தது ஒரு முழத்துக்கும் நீளமான மரக்கட்டை, அதில் சுற்றிய எமரி பேப்பர். ஏன் மாமா, சின்னக் கட்டை இருக்கிறதே என்று கேட்டேன். "சின்னது பள்ளத்துக்குள்ள இறங்கும், மேட்டு மேல ஏறும். அலைய அப்படியே வெச்சுக்கினு பளபளன்னு ஆக்கிடும். நீளக் கட்டைதான் அலைய வெட்டும்." நான் செய்த தப்பு என்ன என்று அந்த இடத்தில் புரிந்தது. சி.வி. சேர்க்கச் சேர்க்க என் கட்டை சின்னதாகிக்கொண்டே போயிருக்கிறது.

சி.வி. பற்றிப் புதியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பரப்பை இழுத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் அவை. 1959இல் சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோவும், 60களில் ரெனோவில் பியர் பெசியேவும் காருக்காகவே தனித்தனியாகக் கண்டடைந்த கணக்கு இது. டிகிரி 5 என்றால் ஒரு திசையில் ஆறு புள்ளிகள். இரண்டு பரப்புகள் சும்மா ஒட்டினால் ஜி0, தொடுகோடும் ஒத்துப்போனால் ஜி1, வளைவின் அளவும் ஒத்துப்போனால் ஜி2. ஸீப்ராவில் ஜி0 என்றால் கோடு துண்டாகும். ஜி1இல் சேர்ந்தாலும் முட்டி மடக்கும். ஜி2இல் ஒடியாமல் வழுக்கிப் போகும். ஜி2வுக்கு ஓரத்திலிருந்து மூன்று வரிசை சி.வி. செலவாகும். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, ஆக ஆறு. டிகிரி 5 ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வளைவு மாறும் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஜி3; இரு பக்கமும் நாலு நாலு வரிசை, டிகிரி 7.

ஏழு வாரமும் வேலை முடிந்து தினம் ஒன்றரை மணி நேரம் அதே ஃபெண்டரைத்தான் கட்டினேன், அழித்தேன். பெரிய பரப்புகளை முதலில், இடையில் துண்டு போடாமல் ஒரே ஸ்பேனில், எல்லையைத் தாண்டி நீளமாக இழுத்துவிடுவது. ஒன்றையொன்று வெட்டும் கோடு அழகாக ஓடுகிறதா என்று பார்ப்பது. அப்புறம்தான் இடையில் அவற்றை இணைக்கும் பிளெண்ட் பரப்பு. வீல் ஆர்ச்சைக் கடைசியில் வெட்டுவது. ஃபிளேஞ்ச் என்ற மடித்த ஓரம், பிரஸ் டூலில் தகடு சிக்காமல் வர விடும் டிராஃப்ட் கோணம் எல்லாம் பழைய வேலையிலேயே பழக்கம், அதில் சிரமமில்லை. சி.வி. வரிசைகளைத் திரையில் போட்டுப் பார்த்தால் வலை மாதிரி இருக்கும். அந்த வலையின் இடைவெளி ஒழுங்காக விரிந்து ஒழுங்காகச் சுருங்கினால் பரப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்ணைவிட நான் இதைத்தான் நம்புகிறேன்.

மறுதேர்வில் ஃபெண்டரை நாலாவது நாளே முடித்துவிட்டேன். அன்று இரவு கிண்டியிலிருந்து ரயிலில் பார்க் வந்து, சென்ட்ரலில் மாறி, வியாசர்பாடி ஜீவாவில் இறங்கும் வரை மனதுக்குள் அந்த ஃபெண்டரையே திருப்பிக்கொண்டிருந்தேன். மாமா சொன்ன நாலு விரல் ஞாபகம் வந்தது. ஹெட்லேம்ப் மூலையில் ஒரு ஸீப்ராக் கோடு கொஞ்சம் அவசரமாகத் தடித்ததைப் பார்த்தும் விட்டிருந்தேன். மறுநாள் காலையில் கோடு தடித்த இடத்தைத் தொடாமல், வளைவின் அளவைச் சீப்புப் பற்களாகக் காட்டும் கர்வேச்சர் கோம்பைப் பக்கத்துப் பரப்பில் போட்டுப் பார்த்தேன். சீப்புப் பற்களில் இரண்டு மட்டும் உயரமாக நின்றன. மூன்றாவது வரிசை சி.வி.யைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதும் கோடு அடங்கியது.

சீனியர் இருபது நிமிடம் பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆர்ச்சுக்கு மேலே ஸ்கேனிலிருந்து 0.6 மில்லிமீட்டர் விலகியிருக்கிறதே என்று கேட்டார். அங்கே களிமண்ணில் அலை இருக்கிறது, அதை வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லி, ஸ்கேனின் குறுக்குவெட்டைக் காட்டினேன். சரி என்று தலையசைத்தார்.

இப்போது என் திரையில் பின்கதவு இருக்கிறது. கைப்பிடிக் குழியைச் சுற்றி இன்னும் கோடு படியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறேன்.