குதிகால் வலியும் அஞ்சு கிலோ அரிசியும்

காலைல கட்டில்ல இருந்து எறங்கி முதல் அடி வச்சா நெருஞ்சி முள்ளு மேல மிதிச்ச மாதிரி சுளீர்னு இருக்கும். பாத்ரூம் வரைக்கும் செவத்த புடிச்சுட்டே நொண்டி நொண்டி போவேன், ஆனா பல்லு வெளக்கி முடிக்கறதுக்குள்ள பாதி வலி போயிடும். அங்கதான் ஏமாந்தேன். நடந்தா சரியாகுதே, அப்போ ஓடுனா இன்னும் சரியாகும்னு மூணு வாரம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஓடிக்கிட்டே இருந்தேன்.

தப்பு என்னோடதுதான். டிசம்பர்ல ஸ்டான்சார்ட் (ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட்) மாரத்தான்ல ஹாஃப், அதாவது 21 கிலோமீட்டர், ஓடணும்னு, வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தவன் திடீர்னு 40க்கு தாவிட்டேன், அதுவும் அடி தேஞ்ச பழைய ஷூவோட. ஓட்டம் இல்லாத நேரத்துல வீட்டுக்குள்ள வெறுங்கால்தான், நம்ம வீடுகள்ல செருப்பு வாசலோட சரி, எச்டிபி அடுக்குமாடி வீட்டு டைல்ஸ் எவ்ளோ கெட்டின்னு குதிகாலுக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் "செங்கல்ல சுட வச்சு அது மேல எருக்க இலைய போட்டு மிதிடா, ரெண்டு நாள்ல போயிடும்"ன்னாங்க. பிள்ளையார் சதுர்த்திக்கு இங்க தேக்கா மார்க்கெட் பக்கம் எருக்கம்பூ மாலை வாங்கலாம், இலைக்கு நான் எங்க போறது, பதினோராவது மாடில செங்கல்லுக்கு எங்க போறது. கடைசில சுடுதண்ணி ஒத்தடத்துல சமாதானம் ஆனாங்க.

நாலாவது வாரம்தான் டாக்டர்கிட்ட போனேன். முதல்ல குதிகால ரெண்டு பக்கமும் உள்ளங்கைல வச்சு நல்லா அமுக்கிப் பாத்தாரு, அப்படி அமுக்கும்போது உயிர் போற மாதிரி வலிச்சா எலும்புல கீறல் இருக்கலாமாம். எனக்கு அங்க வலிக்கல. அப்புறம் பெருவிரல மேல மடக்கிட்டு குதிகால் அடியில உள்பக்கமா கட்டை விரலால ஒரு அழுத்து, பாருங்க, பெட்டை விட்டு எந்திரிச்சுட்டேன். இதுக்குப் பேரு பிளான்டர் ஃபேஷியைட்டிஸ்னாரு. குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரல்கள் வரைக்கும் போற கெட்டியான பட்டை ஒண்ணு இருக்கு, பாதத்தோட வளைவ தாங்குறதே அதுதான், அது எலும்புல ஒட்டுற எடத்துலதான் கோளாறு. எலும்பு வளந்திருக்கும், எக்ஸ்ரே எடுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் பயமுறுத்தி வச்சிருந்தாரு, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த எலும்பு முனை இருக்குமாம், அத விடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஸ்டீராய்டு ஊசி கேட்டேன். கொஞ்ச நாளைக்கு வலி கொறையும், ஆனா பட்டையே அறுந்து போற ரிஸ்க் இருக்கு, இப்போதைக்கு வேணாம்னாரு.

சும்மா ரெஸ்ட் எடுத்தா போதும்னுதான் நானும் நெனச்சேன். பத்து நாள் ஓடாம இருந்தேன், வலி கொறஞ்சுது, ரெண்டு கிலோமீட்டர் ஓடுனேன், மறுநாள் காலைல மறுபடி அதே செவுரு. அப்புறம் பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனேன், அந்த பிசியோ சொன்ன பயிற்சிதான் வேலை செஞ்சுது. படிக்கட்டு விளிம்புல முன்பாதத்த வச்சு, விரலுக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு, ஒத்தக்கால்ல மூணு எண்ணி மேல ஏறணும், ரெண்டு எண்ணி நிக்கணும், மூணு எண்ணி எறங்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 தடவை, மூணு செட். இது டென்மார்க்ல ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச முறையாம். துண்டு எதுக்குன்னா விரல் மேல மடங்குனாதான் அந்தப் பட்டை இழுபடும், லோடு சரியா அதுமேல விழும். கால் பழகப் பழக எடைய கூட்டிட்டு எண்ணிக்கைய கொறைக்கணும்.

என்கிட்ட டம்பெல் கிடையாது, ஸ்கூல் பேக்ல அஞ்சு கிலோ பொன்னி அரிசிய போட்டு மாட்டிட்டு எங்க புளோக் மாடிப்படில நின்னேன். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி ஒருநாள் பாத்துட்டு "லிஃப்ட் ஸ்பாயில் ஆ?"ன்னு கேட்டாங்க, என்னன்னு சொல்லி புரிய வைக்கறது, யெஸ் ஆன்ட்டின்னுட்டேன்.

இதோட காலைல எறங்கறதுக்கு முன்னாடி கட்டில்லயே உக்காந்து பெருவிரல பின்னால இழுத்து பத்து செகண்டு, பத்து தடவை. வீட்டுக்குள்ள போட மெத்துன்னு ஒரு செருப்பு, அம்மா மொறச்சாங்க, பூஜை ரூம் பக்கம் மட்டும் கொண்டு போகல. ஐஸ் பாட்டில் உருட்டுனா அப்போதைக்கு சுகமா இருக்கும், அவ்ளோதான். காஸ்ட்லியா ஒரு மசாஜ் பால் வாங்குனேன், அது இப்போ சோபாவுக்கு அடியில.

ரேஸ் போச்சு, ஹாஃப் ஓடல. மூணு மாசம் ஆச்சு பெடோக் ரிசர்வாயர்ல ஒரு முழு ரவுண்டு, 4.3 கிலோமீட்டர், நிக்காம ஓட. லேசா வலிச்சா ஓடலாம், ஆனா மறுநாள் காலைல முதல் அடில வலி கூடியிருந்தா தூரத்த கொறச்சுக்கணும், இதுதான் பிசியோ குடுத்த கணக்கு. சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகுமாம். ஓடும்போது டப்புன்னு சத்தம் கேட்டாலோ, கால் மரத்துப் போனாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ இதெல்லாம் படிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டர பாருங்க.

பயிற்சிய இன்னும் விடல. போன வாரம்தான் பொங்கலுக்கு அம்மா அந்த அரிசிய பிரிச்சுட்டாங்க, இப்போ பேக்ல ரெண்டு பாக்கெட் துவரம்பருப்பும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் இருக்கு.