லிஃப்ட் இருக்கா?

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் லாட்ஜ்களில் எங்களுடையதும் ஒன்று. காந்தி ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்துக்குள், மூன்று மாடி, 14 ரூம். கோட்டையையும் பொற்கோயிலையும் பார்க்க வருபவர்கள் எங்களிடம் தங்குவதில்லை. நோயாளிகளும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும்தான் எங்கள் ஆட்கள். மால்டா, சிலிகுரி, ராஞ்சி, அகர்தலா, டாக்கா என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஒரு வாரம் என்று வந்து ஒன்றரை மாதம் தங்கிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பக்கத்து லாட்ஜ்களில் ரூமுக்குள்ளேயே காஸ் அடுப்பும் பாத்திரமும் தருவது வழக்கம், போர்டுகளில் வங்காள எழுத்தும் இருக்கும்.

எங்கள் லாட்ஜுக்கு இணையதளம் வருவதற்கு முன் ஆள் வந்தது இரண்டு வழியில். ஒன்று, காட்பாடி ஸ்டேஷனில் இருந்து கூட்டி வரும் ஆட்டோ. இன்னொன்று, ரூம் பிடித்துத் தரும் பெரிய ஆப்கள். இரண்டிலும் கமிஷன் போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து 14 ரூமும் காலி. அப்பா கவுண்ட்டரில் உட்கார்ந்து பழைய லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் வேலை இல்லை. சரி, தளம் ஒன்று போட்டு வைப்போம் என்று ஆரம்பித்தேன்.

ஒரு கம்பெனியில் கேட்டதற்கு 40,000 ரூபாயும், அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக்குத் தனியாகவும் சொன்னார்கள். எனக்கு உறுத்தியது பணம் இல்லை. தளம் அவர்கள் கையில் இருக்கும், நாளைக்கு அவர்கள் கடையைச் சாத்தினால் நம்முடையதும் போச்சு. தளம் அமைக்க உதவும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ் பக்கம் போனது அதனால்தான். அதன் பிறப்பே எனக்குப் பிடித்திருந்தது. பி2 என்ற ஒரு வலைப்பதிவு மென்பொருளை அதை எழுதியவர் தொடராமல் விட்டுவிட, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதே நிரலை எடுத்து வளர்த்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற திறமூலம் என்பதால் யாரிடமும் கையேந்தாமல் அவர்களால் தொடர முடிந்தது.

புதிதாக வருபவர் எல்லோரும் தடுக்கி விழும் இடத்தில் நானும் விழுந்தேன். டாட் காம் என்று முடியும் வேர்ட்பிரஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, இரண்டு நாள் அழகு பார்த்துவிட்டு, கூடுதல் வசதிக்கான பிளக்இன் போடப் போனால் இலவசத் திட்டத்தில் முடியாது என்றது. அது அவர்களே நடத்திக்கொடுக்கும் சேவை. டாட் ஆர்க் தளத்தில் கிடைப்பதுதான் நாமே இறக்கி, வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில், அதாவது நம் ஹோஸ்டிங்கில், போட்டுக்கொள்ளும் மென்பொருள். தளத்தின் பெயருக்கு டொமைன் ஒன்று, மலிவான ஹோஸ்டிங் ஒன்று வாங்கினேன். நிறுவுவது பத்து நிமிட வேலை.

முதலில் செய்தது ரூம் புக்கிங் பிளக்இன். காலண்டர், ஆன்லைன் அட்வான்ஸ், எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்த பிறகும் ஆறு மாதத்தில் அதன் வழியாக வந்த புக்கிங் இரண்டு. ஒரு நாள் அப்பா என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கிளம்புற தேதி எதுக்குடா கேக்குது? அது டாக்டருக்கே இன்னும் தெரியாதே" என்றார். பிளக்இன் எழுதியவர் மனதில் கோவாவுக்குப் போகிறவர்தான் இருந்திருப்பார். நம்மிடம் வருபவர் முதலில் ஓபி பார்க்க வேண்டும், டெஸ்ட் எடுக்க வேண்டும், ரிசல்ட் வந்த பிறகுதான் ஊசியா ஆபரேஷனா என்று தெரியும். அதைக் கழற்றிவிட்டு, பெயர், ஊர், வரும் நாள், எத்தனை பேர் என்று நாலு கேள்வியோடு ஒரு படிவம் வைத்தேன்.

படிவம் வைத்து மூன்று வாரம், ஒருவர்கூட எழுதவில்லை. கடைசியில் நானே ஒன்றை நிரப்பி அனுப்பிப் பார்த்தேன், வரவில்லை. ஹோஸ்டிங் சர்வர் நேரடியாக அனுப்பும் மெயில், எழுதியவரின் ஜிமெயில் முகவரியில் இருந்து வருவதுபோல வேஷம் போட்டுப் போயிருக்கிறது. அப்படி வருவதை மெயில் நிறுவனங்கள் சந்தேகப்பட்டு ஸ்பாமில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பும். மெயில் கணக்கு வழியாக அனுப்ப உதவும் எஸ்.எம்.டி.பி. பிளக்இன் ஒன்றைப் போட்டு, நம் டொமைனின் சொந்த மெயில் முகவரியில் இருந்து முறைப்படி அனுப்ப வைத்ததும் சரியானது. அந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்களோ. கூடவே வாட்ஸ்அப் பட்டன் ஒன்றும் வைத்தேன். இன்றைக்கும் படிவத்தைவிட அதில்தான் அதிகம் வருகிறார்கள்.

தளத்துக்கு உயிர் வந்தது வங்காளப் பக்கத்தால். பாலிலாங் என்ற பிளக்இன் இலவசமாகவே ஒரு தளத்தைப் பல மொழியில் வைக்க உதவும். ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டேன். அப்போது 9-ம் நம்பர் ரூமில் பர்த்வானில் இருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், மனைவியின் சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். எங்கள் மேனேஜர் பாய் அவரை 'மாஸ்டர்மஷாய்' என்றுதான் கூப்பிடுவார். பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். "உங்கள் கவுண்ட்டரில் நாங்கள் என்ன கேட்கிறோம்? அதை மட்டும் எழுது" என்றார். பாயைக் கேட்டேன். பத்து வருஷமாக அதே நாலு கேள்விதான் என்றார். வாடகை எவ்வளவு, ராந்நாகர் இருக்கிறதா, லிஃப்ட் ஆச்சே, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாமா. ராந்நாகர் என்றால் சமையல் அறை, ஆச்சே என்றால் இருக்கிறதா. மாலை டீ நேரத்தில் நான் சொல்லச் சொல்ல மாஸ்டர்மஷாய் தன் மொழியில் எழுதித் தந்தார். மீன் எங்கே கிடைக்கும் என்ற வரி அவரே சேர்த்தது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். தலைப்பை வங்காளத்தில் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் அதிலேயே அமைத்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அது சதவீதக் குறியும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீளும். பார்ப்பவருக்கு ஏமாற்று லிங்க் போலத் தெரியும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிட வேண்டும். தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கும் இதேதான். போட்டோக்களையும் போனில் எடுத்தபடியே ஏற்றாமல் சுருக்கிப் போட்டேன்.

2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. சில பிரிவுகள் அங்கே போக, எங்கள் தெருவில் எல்லோருக்கும் வயிற்றில் புளி. வந்து இறங்குபவர்களுக்கோ குழப்பம். சி.எம்.சி. என்றால் ஒரே கட்டடம் என்று நினைத்து வருகிறார்கள். ஊருக்குள் மெயின் ஆஸ்பத்திரி, ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை, பாகாயத்தில் மருத்துவக் கல்லூரியும் மனநலப் பிரிவும், இப்போது ஹைவே மேல் ராணிப்பேட்டை. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று எங்கே பார்ப்பது, எங்கிருந்து எப்படிப் போவது என்று ஒரு பக்கம் எழுதினேன். 'உங்கள் சிகிச்சை ராணிப்பேட்டையில் என்றால் எங்களிடம் தங்குவது அலைச்சல்' என்றும் அதிலேயே எழுதினேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தேடி வருபவர்கள் இன்றுவரை அதிகம் படிக்கும் பக்கம் அதுதான்.

இனி என் முட்டாள்தனம். ஆரம்பத்தில், தளத்துக்குத் தோற்றம் தரும் 'தீம்' ஒன்றை, 60 டாலர் சொன்னதை, வேறொரு தளத்தில் சும்மா கிடைக்கிறதென்று இறக்கிப் போட்டிருந்தேன். வேர்ட்பிரஸின் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமம் பகிரலாம் என்கிறதே, தப்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு. பகிர்வதில் தப்பில்லாமல் இருக்கலாம். பகிர்ந்தவன் நடுவில் எதைச் செருகினான் என்பதுதான் விஷயம். 2023 பொங்கல் முடிந்த வாரம் அசன்சோலில் இருந்து ஒருவர் போன் செய்தார். "உங்கள் லாட்ஜ் பெயரைத் தேடினால் ஜப்பான் மொழியில் என்னவோ விற்கிறார்களே?" தளத்தைத் திறந்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒழுங்காக இருக்கும். கூகுளில் தேடினால் நம் டொமைன் பெயரில் நூற்றுக்கணக்கான ஜப்பானியப் பக்கங்கள்.

அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு சி படிவத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று என் நாலு கேள்விப் படிவத்திலேயே பிறகு பாஸ்போர்ட் நகலையும் ஏற்றச் சொல்லியிருந்தேன். அவை போய் உட்கார்ந்தது, ரூம் போட்டோக்கள் இருக்கும் அதே அப்லோட்ஸ் ஃபோல்டரில். முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். 61 பாஸ்போர்ட். ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக எண்ணினேன், கை நடுங்கியது. யாராவது எடுத்தார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை, யார் எதைத் திறந்தார்கள் என்று பதியும் சர்வர் லாக் சில நாளுக்கு மேல் இல்லை. அத்தனையையும் அழித்தேன். மறுநாள் அப்பாவும் பாயும் உட்கார்ந்து 61 பேருக்கும் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து பாஸ்போர்ட் கவுண்ட்டரில் மட்டும்.

பேக்கப் இருந்தது. ஆனால் அதே ஹோஸ்டிங்கில், கடைசி இரண்டு வாரத்துடையது மட்டும். இரண்டிலும் கிருமி. போட்டோக்களையும் டேட்டாபேஸையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் புதிதாக இறக்கிப் போட்டேன். போட்டோ மட்டுமே இருக்க வேண்டிய ஒரு பழைய மாத ஃபோல்டருக்குள் பி.ஹெச்.பி. நிரல் கோப்பு ஒன்று பதுங்கி இருந்தது. பயனர் பட்டியலில் நான் உருவாக்காத ஒரு அட்மினும் இருந்தார். எல்லாப் பாஸ்வேர்டும், கான்ஃபிக் கோப்பில் இருக்கும் ரகசியச் சாவிகளும் மாறின. கூகுளில் அந்த ஜப்பானிய வரிகள் முழுசாக மறைய இரண்டு மாதம் ஆனது. இப்போது தீம், வேர்ட்பிரஸோடு இலவசமாக வருவது. பேக்கப் வாராவாரம் கூகுள் டிரைவுக்குப் போகிறது.

ஹோஸ்டிங் புதுப்பிக்கும்போது முதல் வருஷத்து விலையைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள். கோப்புகளையும் டேட்டாபேஸையும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரே சாயங்காலத்தில் வேறு இடத்துக்குக் குடிபோனோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா கிடைப்பது அருகிப்போய் தெருவே வெறிச்சோடியது. எங்களுக்கும் அடிதான். மேற்கு வங்கம், திரிபுரா, அசாமின் பராக் பக்கத்து ஆட்களும் அதே வங்காளப் பக்கத்தைப் படித்து வந்ததால் கதவைச் சாத்தாமல் தப்பித்தோம். இப்போது ரூம்களில் பாதிக்கு மேல் நேராக எங்களிடமே பேசி வருபவர்கள்.

போன வாரம் லிஃப்ட் நின்றுவிட்டது. பாகம் சென்னையில் இருந்து வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அப்பா, "தளத்துல போட்டுடுடா" என்றார். நாலு நாளுக்காக எதற்கு என்று இழுத்தேன். "ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வந்து, வாக்கரோட மூணாவது மாடிய அண்ணாந்து பாக்கறவங்களுக்கு நீ பதில் சொல்வியா?" முதல் வரியில், சிவப்பில், மூன்று மொழியிலும் போட்டேன். இரண்டு பேர் ரூம் வேண்டாம் என்றார்கள். சிலிகுரிக்காரர் ஒருவர் மட்டும் கீழ்த்தளத்து 2-ம் நம்பர் கிடைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தார்.