திரும்பி வராத 38 வினாத்தாள்கள்

அரசியல் அறிவியல் முதுகலையில் ஆய்வு முறையியல் என்று ஒரு தாள் உண்டு. சேர்ந்த புதிதில் எனக்கு அதன் மேல் கோபமே இருந்தது. அதிகாரத்தைப் பற்றி, போராட்டங்களைப் பற்றிப் படிக்க வந்தவனிடம் மாறி, மாதிரி, கருதுகோள் என்று வாரக்கணக்கில் ஏன் பேசுகிறார்கள் என்று நினைப்பேன்.

அப்புறம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மாணவர் பேரவைத் தேர்தலில் யார் வாக்களித்தார்கள், ஏன் என்று 60 பேரிடம் வினாத்தாள் கொடுத்தேன். 22 திரும்பி வந்தது, அதில் 19 பேர் வாக்களித்ததாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் மொத்த மாணவர்களில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை! நான் பக்கம் பக்கமாகக் காரணங்களை அலசி எழுதிக் கொண்டுபோனதைப் பேராசிரியர் புரட்டிக்கூடப் பார்க்காமல், "மீதி 38 பேர் எங்கேப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. வாக்களிக்கப் போகிற அக்கறை உள்ளவர்தான் வினாத்தாளையும் நிரப்பித் தருகிறார், அது ஒன்று. இன்னொன்று, வாக்களிக்காத சிலரும் வாக்களித்ததாகவே சொல்லிவிடுகிறார்கள். மக்கள் சொன்னதை வாக்காளர் பதிவேட்டோடு வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் "வாக்களித்தீர்களா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. உடம்பு சரியில்லாமல் போகும், நேரம் கிடைக்காது, இப்படிப் பலரால் வாக்களிக்க முடிவதில்லை, நீங்கள் எப்படி என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை என்பதைக் கேள்வியே சொல்லிவிட வேண்டும். ஒரு கேள்வியை எழுத ஒரு நாள் முழுக்க உட்காரலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலும் இதே கதைதான். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை தொலைபேசிப் புத்தகம், கார் பதிவு போன்ற பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்துச் சுமார் 1 கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான், ஆனால் சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாத பெருங்கூட்டத்தை மறந்துவிடுகிறோம். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை, அதாவது மிகக் குறைந்த பேரிடம் கேட்டதை, வைத்தே ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது.

இது கருத்துக்கணிப்போடு நிற்கிற விஷயமும் இல்லை. அரசியல் அறிவியலாளர் பார்பரா கெடெஸ் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை எங்களுக்குப் பாடமாக இருந்தது. தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் மாதிரி வேகமாக வளர்ந்த நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கெல்லாம் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, ஆகவே ஒடுக்குமுறை வளர்ச்சிக்கு உதவுகிறது என்று பலர் வாதிட்டு வந்தார்கள். வளராத நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு கிட்டத்தட்டக் காணாமல் போகிறது என்று அவர் காட்டினார். தொழிலாளர்களை ஒடுக்கியும் வளராமல் கிடந்த நாடுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் படித்த அன்று என் ஆய்வேட்டு முன்மொழிவை எடுத்துப் பார்த்தேன். போராட்டங்கள் ஏன் வெல்கின்றன என்பது தலைப்பு, நான் எடுத்திருந்த ஐந்துமே வென்றவை. ஐந்திலும் ஒன்றுபட்ட தலைமை இருந்தது, அதுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். ஒன்றுபட்ட தலைமை இருந்தும் தோற்ற போராட்டம் ஒன்றைக்கூட நான் தேடவே இல்லை.

சரி, தோற்றவற்றையும் சேர்ப்போம் என்று இறங்கினால் அங்கேதான் உண்மையான கஷ்டம். வென்ற போராட்டத்துக்கு நினைவு மலர் இருக்கும், தலைவர்களின் தன்வரலாறு இருக்கும். பத்து நாளில் கலைந்துபோனதற்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி இருந்தால் பெரிது. கலந்துகொண்டவர்களே அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. மூன்று மாதத்தில் அப்படி இரண்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன், ஒன்றில் தலைமை கடைசிவரை பிளவுபடவே இல்லை.