வயலில் நெல், அடங்கலில் தரிசு

மேலூர் வட்டத்தில், பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைமடையில், எங்கள் குடும்பத்துக்கு 1 ஏக்கர் 40 சென்ட் நன்செய் உண்டு. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் பெய்த மழையில் நெல் முழுவதும் சாய்ந்து மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. நான்காம் நாள் கதிரைத் தூக்கிப் பார்த்தால் மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதே மழையில் கொட்டகைச் சுவர் இடிந்து இரண்டு வெள்ளாடுகளும் செத்தன.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் அப்போதைய விதிப்படி, 33 விழுக்காடோ அதற்கு மேலோ சேதமடைந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிக்கு அதில் பாதி. ஏக்கரிலேயே பேசிப் பழகியதால் எங்கள் ஊரில் பலர் 17,000 என்பது ஏக்கருக்கு என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஏக்கருக்கு 7,000 ரூபாய்கூடத் தேறாது.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து கணக்கெடுக்க வந்தார்கள். வேளாண்மை அலுவலர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, நடுவிலும் மூலைகளிலுமாகக் கதிர்களைப் பறித்து உள்ளங்கையில் கசக்கிப் பார்த்து, பாதிக்கு மேல் போய்விட்டதாகக் குறித்துக்கொண்டார். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டைப் புரட்டிய கிராம நிர்வாக அலுவலர்தான், "அடங்கல்ல தரிசுன்னுல்ல இருக்குண்ணே" என்றார். முந்தைய பசலியில், அதாவது வருவாய்த் துறைக் கணக்கின் முந்தைய ஆண்டில், தண்ணீர் வராததால் வயலைச் சும்மா போட்டிருந்தோம். யாரும் வந்து பார்க்காமலேயே அந்தப் பதிவு இந்தப் பசலிக்கும் அப்படியே ஏறியிருந்தது. அடங்கலில் பயிர் இல்லையென்றால் நிவாரணப் பட்டியலில் பெயரும் இல்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வாங்கிய ரசீதையும், நடவன்று கைபேசியில் எடுத்த படத்தையும் வைத்து மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு முறை நடந்த பிறகு வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து, அடங்கலைத் திருத்தச் சொன்னார். அதற்குள் பட்டாவில் அடுத்த முடிச்சு. அது அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் உள்ள கூட்டுப் பட்டா. அப்பா தவறி ஆறு வருடமாகிறது. வாரிசுச் சான்றிதழோடு சித்தப்பாவின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். எல்லா வீட்டிலும் இப்படி அமையாது என்பதை அதே வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதே விதிப்படி ஆட்டுக்குத் தலைக்கு 4,000 ரூபாய் இருந்தது, ஆனால் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். அது தெரியாமல் அம்மா ஓர் ஆட்டை அன்றிரவே புதைத்துவிட்டார். மற்றொன்று இடிபாட்டுக்குள் கிடந்து மறுநாள்தான் கிடைத்தது என்பதால் அதற்கு மட்டும் சான்று வாங்க முடிந்தது. பயிர்க் காப்பீடு வேறு வழி. அதற்கு நான் அந்தப் பருவத்தில் பணமே கட்டவில்லை.

பட்டாவில் எங்கள் நிலம் 0.565 ஹெக்டேர் என்பதால் பயிருக்கு 9,605 ரூபாய் அனுமதியானது. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கில் வாரக்கணக்கில் பார்த்தும் ஒன்றும் ஏறவில்லை. விசாரித்தபோது, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வேறொரு வங்கிக் கணக்குக்குப் பணம் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. எரிவாயு மானியத்துக்காகத் திறந்து நான் மறந்தே போன கணக்கு அது. பாஸ்புத்தகத்தைப் பரணில் தேடி எடுத்தேன்.

இப்போது கூட்டுப் பட்டாவைப் பிரிக்க மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் இன்னும் வரவில்லை.