பேதியையும் எழுதினேன்

"பேதியையும் எழுதிப் போட்டீங்கன்னா ஊசி தப்பிச்சுக்குமுங்களே சார்."

2010இல் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் வந்தது. கோபி பக்கம் அதைப் போட்டுக்கொண்ட ஒரு நர்ஸுக்கு இரண்டு வாரம் கழித்துக் கால் மரத்து, எழுந்து நிற்கவே முடியாமல் போய்விட்டது. கோவையில் சேர்த்தார்கள், கில்லன் பாரே என்றார்கள், உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்குகிற நோய். ஊசிக்குப் பின் வந்த பாதிப்பு பற்றிய விசாரணைப் படிவம் நிரப்பப் போன என்னிடம் அவர் வீட்டுக்காரர் கேட்டதுதான் மேலே இருப்பது.

கால் மரப்பதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தம்மாவுக்கு இரண்டு நாள் பேதி. கேம்பைலோபேக்டர் கிருமியால் வரும் பேதிக்குப் பிறகு சிலருக்கு இந்த நோய் வரும் என்பது மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எழுதாமல் விட முடியாது. "விட்டா அது பொய்யாயிடுமுங்க" என்றேன்.

"பொய் எழுதச் சொல்லலீங்க. அவ யோசிச்சுட்டுத்தான் இருந்தா. நர்ஸுங்களே போட்டுக்கலைன்னா சனம் எப்படிப் போடும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

சொன்னேன்தான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அமெரிக்காவில் 1976இல் சுமார் 4.5 கோடிப் பேருக்குப் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டு, ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக இந்த நோய் வந்ததால் டிசம்பரில் திட்டத்தையே நிறுத்தினார்கள். அது தெரிந்ததே யாரோ ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒழுங்காக எழுதி அனுப்பியதால்தான். ஊசியே போடாதவர்களுக்கும் வருஷத்துக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு இது வரும், ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகும் வரலாம். ஒரே ஒரு ஆளை வைத்து ஊசியாலா இல்லையா என்று சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது, போட்டவர்களில் எத்தனை பேருக்கு வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியும். அதற்குப் படிவம் முழுசாக இருக்க வேண்டும். பேதி உட்பட.

ஆனால் அவர் கேட்டது லட்சம் பேரைப் பற்றி இல்லையே, வீட்டில் இருக்கிற ஒருத்தியைப் பற்றி. அந்த வரியை எழுதும்போது எனக்குள் லேசாக ஒரு நிம்மதி வந்தது, அதுதான் இத்தனை வருஷமாக உறுத்துகிறது. எழுதியது உண்மை, எழுதியாக வேண்டியது. நிம்மதி எதற்கு? ஊசி போட்டுக்கொள்ள மற்ற நர்ஸுகள் பின்வாங்க மாட்டார்கள் என்றா, நான் சொல்லிப் போட்ட ஊசியால் வந்ததாக அது இருக்காது என்றா? முதல் காரணம்தான் என்று பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தம்மா மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து நடந்தார், வேலைக்கும் திரும்பினார். அப்புறம் ஒரு வருஷம் ஃப்ளூ ஊசி வந்தபோது, ஊசிக்குப் பின் 6 வாரத்துக்குள் இந்த நோய் வந்தவர்களுக்கு மறுபடி போடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதால் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. வீட்டில் போய் விவரம் சொன்னேன்.

"அப்ப ஊசிதானுங்களே?" என்றார் வீட்டுக்காரர்.

எச்சரிக்கை வேறு, நிரூபணம் வேறு என்றேன். அது சரியான பதில்தான், இன்றைக்கு யார் கேட்டாலும் வேறு பதில் என்னிடம் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, "சரிங், நீங்க எழுதறதை எழுதுங்" என்றார். கோபமாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.