குடித்திருந்தவர் காரோட்டி, கேள்வியோ எங்களுக்கு

மலேசியாவின் பேராக்கில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் டவுனில் தமிழர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்தால், ஆறுதலுக்கு முன்பே வந்துவிடுகிறது அந்தக் கேள்வி: "குடித்திருந்தாரா?"

அக்காவின் கணவர், என் அத்தான், இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, எதிரே வந்த கார் தடம் மாறி மோதியது. மூச்சுச் சோதனையில் சிக்கியவர் காரோட்டிதான். 2020 அக்டோபர் முதல் 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம் மதுதான் வரம்பு, முன்பு 35. பழைய வரம்பையும் அவர் தாண்டியிருந்தார்.

போலீஸ் புகார், இறப்புச் சான்றிதழ் எல்லாம் தடங்கலின்றிக் கிடைத்தன. இடித்தது தொழிற்சாலை அலுவலகத்தில். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கு முதலாளி தரப்பு நிரப்ப வேண்டிய பாரத்தைத் தொடாமலே, "இரத்தத்தில் மது இல்லை என்று ரிப்போர்ட் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார் குமாஸ்தா. அவரும் தமிழர்தான். கைக்குழந்தையோடு நின்ற அக்காவை உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சொக்சோ முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மையார் விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார்: விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது முதலாளியின் கடமை. மறுநாள் குமாஸ்தாவைத் தாண்டி நேராக மேனேஜரிடம் போனேன். அதையே சொன்னேன். நின்ற நிலையிலேயே கையெழுத்து விழுந்தது.

சொக்சோ உதவித்தொகை கேட்டுப் போகிறவர்கள் வேலையிடத்திலிருந்து வீடு வரையிலான வழியை வரைந்து எடுத்துச் செல்லுங்கள். பஞ்ச் கார்டு நகலும் வேண்டும். வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் போயிருந்தால் சிக்கலாகிவிடும். பின்னால் வந்த சக தொழிலாளியிடம் எழுதி வாங்கியது எங்களுக்குக் கைகொடுத்தது. இப்போது சார்ந்தோர் உதவித்தொகை வருகிறது: ஐந்தில் மூன்று பங்கு அக்காவுக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு.

இரத்தப் பரிசோதனை முடிவும் ஒருவழியாக வந்தது. மது துளியும் இல்லை. ஒரு நகல் எடுத்துக் குமாஸ்தாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அப்போது அதை யாரும் கேட்கவில்லைதான்.

காரோட்டிமீது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 44ஆவது பிரிவில் வழக்கு நடக்கிறது. குற்றம் உறுதியானால் குறைந்தது 10 ஆண்டு சிறை. காப்புறுதி இழப்பீட்டு வழக்கு தனி. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்காகத் துக்க வீட்டுக்கே பாரத்தோடு வரும் தரகர்களிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கருமக்கிரியைக்கு முன்பே இருவர் வந்துவிட்டார்கள்.